ஐந்து கிலோமீட்டருக்காக வாங்கிய கார்

வேலைக்குப் போய் வருவதற்காகக் கடன் போட்டுக் கார் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு நானும் அப்படித்தான் இருந்தேன். அன்றைக்கு யாராவது என்னை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் என் கையிலிருந்து ஐந்தரை லட்சத்துக்கு மேல் போயிருக்காது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டையில். வேலை ஓசூர் சிப்காட்டில், வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். போக வர 105 கிலோமீட்டர். ஒரு வாரம் முதல் ஷிப்டு, மறு வாரம் இரண்டாம் ஷிப்டு. இரண்டாம் ஷிப்டு இரவு பத்தரைக்கு முடியும். கைரேகை வைத்துவிட்டு வெளியே வரும்போது பத்தே முக்கால். பல வருடங்களாக ஆலையே பஸ் விட்டது. 2023 கடைசியில், எங்கள் வழித்தடத்தில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி அதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு என் நிலைமை இதுதான்: ஓசூர் பஸ் நிலையத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு நள்ளிரவிலும் பஸ் உண்டு. பெங்களூரிலிருந்து சேலம், தருமபுரி, திருவண்ணாமலை போகிற வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் ஆலை வாசலிலிருந்து பஸ் நிலையம் வரைக்கும் உள்ள அந்த ஐந்து கிலோமீட்டருக்கு, இரவு ஒன்பதரைக்குப் பிறகு எதுவும் கிடையாது. ஆட்டோ இருநூறு ரூபாய் கேட்கும், மழை பெய்தால் முந்நூறு. பாதி நாள் நடந்தேன். லாரிகள் உரசிக்கொண்டு போகிற ரோட்டோரத்தில், தெருநாய்களுக்குப் பயந்துகொண்டு, ஒரு மணி நேரம். வீட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை, சில நாள் இரண்டு மணி ஆகும். அதுவரை என் அம்மா தூங்காமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார்.

அந்தத் திண்ணையைப் பார்த்துத்தான் 2024 ஜனவரியில் கார் வாங்கினேன். சிறிய பெட்ரோல் கார், எல்லாம் சேர்த்து 6.3 லட்சம். மனைவியின் நகையை அடகு வைத்து 1.3 லட்சம் முன்பணம் கட்டினேன். மீதி 5 லட்சம் வங்கிக் கடன், ஐந்து வருடத்துக்கு மாதம் ₹10,500 தவணை. இரண்டாம் ஷிப்டு வாரத்துக்கு மட்டும் கார், மற்ற நாளில் பஸ் என்றுதான் வீட்டில் பேசி முடிவு செய்தோம். அந்த முடிவு மூன்று வாரம்கூட நிற்கவில்லை. தவணை கட்டுகிற பொருள் வாசலில் நிற்கும்போது பஸ் நிலையம் வரை நடப்பது வீண் வேலையாகத் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. ‘எப்படியும் பணம் போகிறது, எடுத்துக்கொண்டே போவோமே’ என்று மனம் சொல்லும். இது எனக்கு மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். கார் வைத்திருக்கும் உங்கள் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

செலவுக் கணக்கை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கொடுத்தது. ஒரு நாளைக்கு ஐந்தரை லிட்டர், 25 நாளைக்கு ஏறக்குறைய 137 லிட்டர், மாதம் ₹14,000 பெட்ரோலுக்கு. தவணையையும் சேர்த்தால் ₹24,500. என் கைக்கு வரும் சம்பளம் 42,000. மீதியில் மகள் பள்ளிக் கட்டணம், அம்மா மருந்து, வீட்டுச் செலவு. நான்காவது மாதத்திலேயே சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்தேன். சுங்கச்சாவடி விஷயத்திலும் ஏமாந்தேன். சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்கள், வாடகைக்கு ஓடாத சொந்தக் காருக்கு உள்ளூர் மாதப் பாஸ் வாங்கலாம். முகவரிச் சான்றும் வண்டிப் பதிவுச் சான்றும் காட்டினால் போதும். இது தெரியாமல் ஐந்து மாதம் தினமும் முழுக் கட்டணம் கொடுத்தேன். கார் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் முதல் வாரத்திலேயே அந்தப் பாஸை வாங்கிவிடுங்கள்.

பணத்தைவிட என்னை அதிகம் வாட்டியது களைப்பு. பஸ்ஸில் வந்தபோது ஒரு மணி நேரமாவது கண்ணயர்வேன். காரில் எட்டரை மணி நேர வேலைக்குப் பிறகு நானே ஓட்ட வேண்டும். ஜூலை மாதம் ஒரு நாள் இரவு மேலுமலை இறக்கத்தில் ஒரு நொடி கண் மூடிவிட்டது. விழித்தபோது முன்னால் போன டாரஸ் லாரியின் பின்விளக்குகள் கண்ணாடிக்குப் பத்தடி தூரத்தில் இருந்தன. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கை நடுக்கம் நிற்கும் வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இதை நான் சொல்லவே இல்லை. இந்த எழுத்தைப் படித்துத்தான் என் மனைவிக்கே தெரியப் போகிறது.

பிறகு அந்த மழை வந்தது. 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஊத்தங்கரையில் என் சகலை வீட்டில் பால் காய்ச்சி இருந்தார்கள். குடும்பத்தோடு காரில் போனோம். அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோரத்துப் புயல் நம்மை என்ன செய்யும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. திங்கட்கிழமை காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் பெய்திருந்தது. வானம் பார்த்த பூமி என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்ட மாவட்டத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை. ஏரி நிரம்பி வழிந்து தண்ணீர் ரோட்டுக்கு வந்தது. பஸ் நிலையத்துப் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் இழுத்துச் செல்லப்பட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. என் கார் அந்தக் காட்சியில் இல்லை. அது இரண்டு தெரு தள்ளித் தாழ்வான இடத்தில் நின்றிருந்தது. தண்ணீர் அதை நகர்த்தி ஒரு மின்கம்பத்தில் சாய்த்து வைத்துவிட்டது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தபோது கூரை மட்டும் தெரிந்தது. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு எதுவும் பேசாமல் நின்றாள்.

தண்ணீர் வடிந்ததும் நான் செய்த ஒரு காரியம்தான் நஷ்டத்தைப் பல மடங்காக்கியது. சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தேன். ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்த என்ஜினைச் சுழலவிட்டால் பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்க்கும், தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடு வளையும். உதிரிபாக ஆலையில் வேலை பார்க்கும் எனக்கே அந்த நேரத்தில் இது உறைக்கவில்லை. ஆய்வுக்கு வந்த காப்பீட்டு சர்வேயர் கேட்ட முதல் கேள்வியே, “ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீர்களா சார்?” என்பதுதான். பொய் சொல்ல மனம் வரவில்லை. வெள்ளச் சேதத்துக்கு முழுக் காப்பீடு இருந்தாலும், என்ஜினுக்குள் தண்ணீர் போய் ஏற்படும் சேதத்துக்கு ‘என்ஜின் பாதுகாப்பு’ என்று தனியாக ஒரு சேர்க்கை எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவும் இல்லை. ஆகவே கார் வைத்திருப்பவர்கள் இன்றே உங்கள் பாலிசியை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி முழுகினால் சாவியைத் தொடாதீர்கள். முதலில் நாலு பக்கமும் படம் எடுங்கள், முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், இழுவை வண்டியில்தான் எடுத்துப் போக வேண்டும்.

என்ஜினை விட்டு மற்றச் சேதத்துக்குக் காப்பீட்டில் 70,000 வந்தது. சரி செய்ய இரண்டரை லட்சம் ஆகும் என்றார்கள். அந்தப் பணம் என்னிடம் இல்லை. நின்ற கோலத்திலேயே 1.9 லட்சத்துக்கு விற்றேன். கடனில் பாக்கி 4.26 லட்சம். துண்டு விழுந்த 1.66 லட்சத்தைச் சகலையிடம் வாங்கி அடைத்தேன்; அவருக்கு இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். முன்பணம், பதினொரு தவணை, இந்த 1.66 லட்சம், பதினொரு மாதப் பெட்ரோல் எல்லாம் சேர்ந்து 5,65,000 ரூபாய். அதே பதினொரு மாதம் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் போயிருந்தால் முப்பத்து மூவாயிரத்தில் முடிந்திருக்கும். இரவு ஆட்டோவுக்குத் தனியாகக் கொடுத்திருந்தால்கூடச் சுமார் அறுபதாயிரம்தான் ஆகியிருக்கும்.

பெட்ரோல் போட்ட விவரத்தை ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். கார் போன பிறகு அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது இன்னொரு கணக்கும் போடத் தோன்றியது. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைதான் இருக்கும். ஆனால் எரியும்போது அதிலுள்ள கரி காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயுவாக வெளியே வருகிறது. நாளொன்றுக்கு ஐந்தரை லிட்டர் என்றால் 12.7 கிலோ. மாதம் 315 கிலோவுக்கு மேல். பதினொரு மாதத்தில் நான் ஒருவன் மட்டும், பக்கத்து இருக்கை காலியாக, மூன்றரை டன் புகையை இந்த நெடுஞ்சாலையில் விட்டிருக்கிறேன். பஸ்ஸுக்கும் போட்டுப் பார்த்தேன். டீசல் ஒரு லிட்டருக்கு 2.7 கிலோ. பஸ் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 105 கிலோமீட்டருக்கு 21 லிட்டர், 57 கிலோ. ஐம்பது பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 1.1 கிலோ. பாதி இருக்கை காலியாகப் போனாலும் 2.3 கிலோதான். நான் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்தப் பஸ் ஓடத்தான் போகிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ஊத்தங்கரை மழைக்கு என் கார்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மழையை ஒரு காரின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் நீராவி சுமார் 7 விழுக்காடு கூடுகிறது என்பது இயற்பியல். பெய்கிற நாளில் அவ்வளவும் கொட்டுகிறது. பெய்யாத நாளில் வெயில் வாட்டுகிறது. அந்த 2024 கோடையில் சந்தூர்ப் பக்கம் என் மாமனார் தோப்பில் மாம்பூ கருகி உதிர்ந்தது. லாரித் தண்ணீர் வாங்கி மரத்தைக் காப்பாற்றினார். ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் வாங்கிய ஓசூரில் எங்கள் பிரிவின் மூத்தவர்கள் ஒரு காலத்தில் ஏப்ரலிலும் ஸ்வெட்டர் போட்டு வேலைக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். 2019இல் உலகம் முழுவதும் வெளியான பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறைய 15 விழுக்காடு போக்குவரத்திலிருந்து நேரடியாக வந்தது, அதிலும் பெரும்பங்கு சாலை வாகனங்களுடையது என்று பன்னாட்டுக் காலநிலைக் குழு கணக்கிட்டிருக்கிறது. அந்தச் சாலை வாகனங்களில் ஒன்று என்னுடையது. அதை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு நகரப் பேருந்து இல்லாததால் வாங்கினேன். வாங்கியதால் நூற்றைந்து கிலோமீட்டரும் ஓட்டினேன். இந்தக் கணக்குதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஓசூர் மாதிரி வளர்ந்துகொண்டே போகும் ஊரில் எத்தனை கார்கள் இப்படி வந்தவையோ.

இனி பஸ் கதை. 2024 டிசம்பரில் திரும்பவும் பஸ் ஏறினேன். முதல் மாதம் மிகவும் கசப்பாக இருந்தது. கார் இருந்தவன் பஸ் நிலையத்தில் நிற்பதைத் தெரிந்தவர்கள் பார்க்கும் பார்வை ஒரு பக்கம், பழக்கம் விட்டுப்போனதால் செய்த தவறுகள் ஒரு பக்கம். மூன்றாவது வாரம் ஓசூரில் நடு இரவு வந்து நின்ற முதல் பஸ்ஸில் எதுவும் கேட்காமல் ஏறி உட்கார்ந்து தூங்கிவிட்டேன். அது கிருஷ்ணகிரி ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே போகும் வண்டி. கண் விழித்தபோது தருமபுரி பஸ் நிலையம். மணி ஒன்றரை. டிசம்பர்க் குளிரில் அங்கேயே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்து, இரண்டரைக்கு வந்த வண்டியைப் பிடித்து வீட்டுக்கு வரும்போது நாலு மணியாகிவிட்டது. அம்மா அன்றும் திண்ணையில்தான் இருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காரையும் இழந்து, இந்தக் கஷ்டத்தையும் பட வேண்டுமா என்று அந்தக் காலையில் நினைத்தேன்.

அன்றிலிருந்து ஏறும் முன் கண்டக்டரிடம் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: “அண்ணா, கிருஷ்ணகிரி ஊருக்குள்ளே போகுமா, பைபாஸா?” பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள். பாயின்ட் டு பாயின்ட் வண்டிகளும் நெடுந்தூர வண்டிகளும் மேம்பாலத்திலேயே போய்விடும். பைபாஸ் வண்டியில் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், எங்கே இறக்கிவிடுவார்கள் என்பதைச் சீட்டு வாங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். ஊர்ப் பக்கமுள்ள சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிடச் சொல்லுங்கள். ஐம்பதடி நடை மிச்சம் என்று எதிர்ப்பக்கத்தில் இறங்கி நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கவே கூடாது. இரவில் நான் கண்டக்டர் கண்ணில் படும்படி முன்பக்கத்தில் உட்காருவேன். குருபரப்பள்ளி வரும் நேரத்துக்குக் கைபேசியில் அலாரம் வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன். வண்டி கிருஷ்ணகிரியைத் தொடுவதற்குள் விழித்துக்கொள்ள அது சரியாக இருக்கிறது. சில்லறையாகக் கையில் பணம் இருக்கட்டும். ஒரே நேரத்தில் தினமும் ஏறினால் ஒரு மாதத்தில் கண்டக்டருக்கு உங்கள் முகம் பழகிவிடும். இப்போது என்னைப் பார்த்தாலே, “சார், தூங்குங்கள், நான் எழுப்புகிறேன்” என்று சொல்லும் மனிதர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

அந்த ஐந்து கிலோமீட்டரை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். 2,800 ரூபாய்க்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கி ஓசூர் பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள ஸ்டாண்டில் மாதக் கட்டணத்துக்குப் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டாம் ஷிப்டு வாரத்தில் மதியம் அதில் ஆலைக்குப் போய், இரவு அதிலேயே திரும்புகிறேன். இருபத்தைந்து நிமிடம். பின்பக்கம் சிவப்பு விளக்கும், இருட்டில் ஒளிரும் பட்டையிட்ட சட்டையும் இல்லாமல் இரவில் சைக்கிள் எடுக்காதீர்கள். சிப்காட் ரோட்டில் லாரிக்காரருக்கு நாம் தெரிய மாட்டோம். இதை ஒரு தீர்வு என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு 43 வயது, முட்டி நன்றாக இருக்கிறது, நான் ஆண். என் பிரிவில் இரண்டாம் ஷிப்டு பார்க்கும் பெண்களிடம் சைக்கிளில் வாருங்கள் என்று சொல்ல முடியுமா? அவர்களில் இரண்டு பேர் வேலையையே விட்டுவிட்டார்கள். இன்னும் சிலர் கணவரோ தம்பியோ இரவு பத்தரைக்கு பைக்கில் வந்து கூட்டிப் போகிறார்கள். அந்த பைக் வெறுமையாக வந்து ஆளோடு திரும்புகிறது. ஒரு பஸ் இல்லாததால் அங்கேயும் இரண்டு மடங்கு பெட்ரோல் எரிகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றை என் வீட்டிலேயே பார்க்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. என் அம்மா சர்க்கரை நோய்க்கு மாதம் ஒரு முறை போலுப்பள்ளி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கார் இருந்தபோது நான் விடுப்பு எடுத்துக் கூட்டிப் போவேன். இப்போது அவராகவே பஸ் ஏறிப் போய், மாத்திரை வாங்கிக்கொண்டு, வழியில் அக்கா வீட்டையும் பார்த்துவிட்டு வருகிறார். என் மனைவி தையல் துணி வாங்கக் காவேரிப்பட்டணம் வரை அதிலேயே போய் வருகிறாள். பஸ் இருந்தால், அது நேரத்துக்கு வந்தால், கையைக் கடிக்காவிட்டால், ஜனங்கள் ஏறுகிறார்கள். காலநிலை மாற்றத்தைப் பற்றி அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

மின்சார வண்டி வாங்கலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நம் மாவட்டத்திலேயே, ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும், மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. எனக்கும் அதில் பெருமை உண்டு. கட்டாயம் தனி வண்டி வேண்டும் என்பவர்கள் அதை வாங்கட்டும். ஆனால் நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. அது மட்டுமில்லாமல், ஐம்பது பேர் ஐம்பது மின்சாரக் காரில் வந்தாலும் ஓசூரின் சிக்னலில் அடைக்கும் இடம் அதேதான். மின்சாரம் பஸ்ஸுக்கு வந்தால் கதை வேறு. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளைத் தொடங்கி வைத்தார்கள். அந்த மாதிரி நாலு வண்டி எங்கள் சிப்காட்டைச் சுற்றி ஓடினால் எப்படி இருக்கும் என்று பல இரவுகள் சைக்கிள் மிதித்துக்கொண்டே நினைத்திருக்கிறேன். 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது, எல்லையைத் தாண்டினால் கொஞ்ச தூரம்தான். ரயிலைப் பற்றிப் பேசினால் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது. 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ரயில் வந்திருக்கிறது. பின்னாளில் அந்தக் குறுகிய ரயில் பாதையை மூடிவிட்டார்கள். மாவட்டத் தலைநகரான எங்கள் ஊரில் இன்றைக்கு ரயில் நிலையம் கிடையாது. எங்கள் தாத்தா ஏறிய ரயிலை நாங்கள் பார்த்ததுகூட இல்லை.

ரயில் வரும் வரை காத்திருக்க முடியாது என்பதால், கையில் எட்டுவதைச் செய்யத் தொடங்கினோம். இந்த இடம்தான் உங்களுக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. 2025 மார்ச்சில் நான் தனியாகப் போய் ஒரு மனு கொடுத்தேன். ‘சிப்காட்டுக்கு இரவில் பஸ் வேண்டும்’ என்று ஒரே வரி. ரசீது கிடைத்தது, வேறொன்றும் நடக்கவில்லை. பஸ் நிலையத்தில் பழக்கமான ஒரு ஓய்வுபெற்ற ஓட்டுநர்தான் வழி சொன்னார். தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் என்று இருந்த காலத்திலிருந்து வண்டி ஓட்டியவர். “தம்பி, பஸ் வேண்டும் என்று கேட்காதே. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எழுதிக் கொடு. புது பஸ் கேட்டால் ஆகாது, இருக்கிற வண்டியை நீட்டச் சொல், நேரத்தை மாற்றச் சொல்” என்றார். அவர் சொன்னபடியே ஷிப்டு நேரம், ஆலைகளின் வரிசை, 37 பேரின் கையெழுத்து எல்லாம் வைத்து மறுபடி எழுதினோம். ஒரு பிரதியைப் பணிமனைக் கிளை மேலாளரிடம் நேரில் கொடுத்தோம். மதியம் சிப்காட்டுக்குப் போகிற ஒரு நகரப் பேருந்து எங்கள் ஷிப்டு தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து வந்துகொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் அதை இருபது நிமிடம் முன்னால் மாற்றினார்கள். ஒரு லிட்டர் டீசல்கூட அதிகம் செலவாகவில்லை. ஆனால் எங்கள் பிரிவிலேயே நாலு பேர் பைக்கை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள்.

இதோடு சேர்த்து மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். தனியார் பஸ்ஸுக்கும் மினி பஸ்ஸுக்கும் வழித்தட அனுமதி கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். அதற்கான மனுவையும் ஆட்சியர் அலுவலகத்திலேயே கொடுக்கலாம். 2025இல் வந்த புதிய மினி பஸ் திட்டத்தில் வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம் என்பதால், பஸ் போகாத சிற்றூர்களும் தொழிற்பேட்டைத் தெருக்களும் அதற்குப் பொருத்தமானவை. ஆலை நிர்வாகத்திடமும் கேட்டுப் பாருங்கள். ஒரே ஆலையால் பஸ் விட முடியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் மூன்று ஆலைகள் சேர்ந்து ஒரு வண்டியை அமர்த்தலாம். எங்கள் மனிதவளப் பிரிவில் இதைப் பேசியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. முக்கியமாக, கார்க் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒரு மாதம் பஸ்ஸில் போய், எங்கே எத்தனை நிமிடம் வீணாகிறது என்று எழுதிப் பாருங்கள். என்னுடைய வழித்தடத்தில் வீணானது ஒரே ஓர் இடத்தில்தான். அது எனக்கு 2023லேயே தெரிந்திருந்தால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் வழி தேடியிருப்பேன்.

இரவு பஸ் இன்னும் வரவில்லை. அதற்காக, எங்கள் ரோட்டில் உள்ள ஆறு ஆலைகளின் வாசலில் நண்பர்கள் நின்று, ஆறு இரவுகள், பத்தரையிலிருந்து பதினொன்று வரை, பஸ் நிலையம் பக்கம் போகிறவர்களை எண்ணினோம். நடந்து போனவர்கள், ஆட்டோ பிடித்தவர்கள், யாராவது கூட்டிப் போக வந்தவர்கள் என்று தனித்தனியாகக் குறித்திருக்கிறோம். மிகக் குறைவான இரவில் 51 பேர், அதிகமான இரவில் 74 பேர். ஒரு பஸ் நிறையும். பஸ் நிலையத்தில் ஒன்பதரைக்கு ஓட்டத்தை முடித்து நிற்கும் வண்டிகளில் ஒன்றை இன்னும் ஒரு நடை மட்டும் நீட்டினால் போதும் என்று எழுதியிருக்கிறோம். வரும் திங்கட்கிழமை எனக்கு இரண்டாம் ஷிப்டு. காலையிலேயே ஆட்சியர் அலுவலகம் போய் மனுவைக் கொடுத்துவிட்டு, பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்தால் வேலைக்குப் போய்விடலாம். இந்தப் பக்கம் இரவு ஷிப்டு பார்ப்பவர்கள் யாராவது கையெழுத்துப் போட விரும்பினால், ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் உங்கள் ஆலை வாசலில் நிற்கும் நண்பர்களிடம் பெயரையும் ஷிப்டு நேரத்தையும் சொல்லிவிடுங்கள். தாளில் இன்னும் இரண்டு பக்கம் காலியாக இருக்கிறது.